குளிர் பாக்கி

நிபால்டோ ரெத்தமாலின் தோட்டத்தில் செர்ரிகள் பழுத்துச் சிவந்து கொத்துக் கொத்தாகத் தொங்கிய நவம்பர் மாதத்தில், லாப ஆணையத்தின் கணக்குப்படி அந்த மரங்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன.

இதைத் தெரிவிக்க ஆணையத்தின் ஆய்வாளர் டோன் எவரிஸ்தோ நேரிலேயே வந்தார். வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். கதவைப் பூவைப் போலச் சாத்தினார். நுனிக்காலில் நடந்து வந்தார்.

"வாங்க டோன் எவரிஸ்தோ" என்று நிபால்டோ வரவேற்றான்.

"மெதுவா" என்றார் அவர் கிசுகிசுப்பாக. "தூங்குறாங்க."

"யாரு, ஒடிலியாவா? அவ அடுப்படியிலதான இருக்கா."

"மரங்க."

நிபால்டோ திரும்பி மரங்களைப் பார்த்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் நவம்பர் என்றால் கோடை; வெயில் காதைச் சுட்டது. ஒரு மரத்தில் ஸோர்ஸால் குருவி ஒன்று செர்ரியைக் கொத்திவிட்டு மூக்கைக் கிளையில் துடைத்துக்கொண்டிருந்தது.

லாப ஆணையத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மோலினா ஊரைச் சுற்றிச் செர்ரி போட்டவர்கள் வரிசையாக நஷ்டப்பட்டபோது, காரணம் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். கூலி, மருந்து, தண்ணீர், பெட்டி, கப்பல் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்த குழு, விவசாயிகளிடம் லாபம் இல்லாததே நஷ்டத்துக்குக் காரணம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தது. அந்தக் குறையைப் போக்கப் பிறந்ததுதான் ஆணையம். ஒரு தோட்டம் லாபமானது என்று அது முத்திரை வைத்தால் லாபமானது. முத்திரை இல்லாத தோட்டத்துப் பழத்தைப் பெட்டி போடும் ஆலை வாங்காது. ஆலை வாங்கினால்தான் கப்பல். டிசம்பர் நடுவில் கப்பல் ஏறினால்தான் சீனர்களின் புத்தாண்டுக்குப் போய்ச் சேரும். விலை என்ன என்பது ஏப்ரலில் தெரியும்.

ஏப்ரலில் ஆலையிலிருந்து வருகிற கணக்கில் கழிவு என்று ஒரு பத்தி இருக்கும். தோட்டத்தில் கழிவு என்றால் காம்பு உதிர்ந்த பழம், வெடித்த பழம். கணக்கில் கழிவு என்றால் விலையில் பிடித்துக்கொள்வது: பழம் போக மீதி எல்லாம், சில வருஷம் பழத்தையும் சேர்த்து. போன இரண்டு வருஷமும் நிபால்டோ வீட்டில் கண்ணில் பட்ட காசு, கழிவுப் பழத்தை ஊருக்குள் விற்று வந்த காசு ஒன்றுதான்.

"கிழவா" என்று அவன் மனைவி ஒடிலியா போன ஏப்ரலிலேயே சொல்லிவிட்டாள். இருவருக்கும் ஐம்பதுதான் ஆகிறது. ஆனால் கல்யாணமான மறுவாரத்திலிருந்து ஒருவரை ஒருவர் கிழவா, கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். "இந்த வருஷமும் இப்படியே போச்சுன்னா மரத்தப் புடுங்கிடணும். ஹேசல் கொட்டை போடுவோம். அது மழைக்கு அழாது, கப்பல்ல ஏறணும்னு அடம் புடிக்காது."

"பாக்கலாம் கிழவி."

"என்ன பாக்கறது? மண் தோண்டுற மெஷின்காரன்கிட்ட டிசம்பருக்குச் சொல்லி வச்சாச்சு. வேணாம்னா திருப்பி அனுப்பிக்கலாம்."

திருப்பி அனுப்புகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. ஒன்றரை ஹெக்டேர் மரத்தையும் நிபால்டோ தன் கையால் நட்டிருந்தான். எது முதலில் பூக்கும், எது பக்கத்து மரத்தைப் பார்த்துப் பூக்கும் என்று அவனுக்குத் தெரியும். அன்று முதல் தோட்டத்தில் நடக்கும்போது மரங்களின் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆக, இந்த வருஷப் பழம் ஒழுங்காக விலை போக வேண்டும். அப்படிப்பட்ட வருஷத்தில்தான் டோன் எவரிஸ்தோ நுனிக்காலில் வந்து நின்றார்.

"செர்ரி மரத்துக்குக் குளிர்காலத்துல இத்தனை மணி நேரம் குளிர் கிடைக்கணும், அப்பதான் தூக்கம் கலையும். உங்களுக்கே தெரியும். உங்க மரங்க நூறு மணி நேரம் குளிர் பாக்கி வச்சிருக்கு."

"இந்த வருஷம் தண்ணிக் குழாயே உறைஞ்சு போச்சே."

"வெப்பமானி அப்படிச் சொல்லலியே."

ஆணையத்தின் வெப்பமானி விதிப்படி ஒரு நிலையான சுவரில்தான் மாட்டப்பட வேண்டும். தோட்டத்தில் இருந்த ஒரே நிலையான சுவர் ஒடிலியாவின் அடுப்படிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு. குளிர்காலம் முழுவதும் அந்த வெப்பமானி அவள் வைத்த அவரைக்கொட்டைக் குழம்பின் சூட்டைத்தான் ஒழுங்காக அளந்திருந்தது. ஆணையத்தின் கணக்குப்படி அந்தத் தோட்டத்தில் குளிர்காலம் என்பது ஞாயிறு காலைகளில் மட்டும், ஒடிலியா மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

"வெப்பமானி அடுப்புக்குப் பின்னால இருக்கு டோன் எவரிஸ்தோ."

"இருக்கலாம். ஆனா வெப்பமானி ஆணையத்தோடது. குளிரு ஆணையத்தோடது இல்ல. ரெண்டுல ஒண்ணு தப்புன்னா எதுவா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

நிபால்டோ ஒரு கொத்தைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினான். டோன் எவரிஸ்தோ அதை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, அதன் பின்னால் இருந்த பட்டையை உற்றுப் பார்த்தார்.

"பாவம், அசந்து தூங்குது."

"பழுத்திருக்கு, பாருங்க."

"பழுத்திருக்குன்னு நீங்க சொல்றீங்க. கண்ணுக்குத் தெரியிறதெல்லாம் பழம்னு ஆரம்பிச்சா அப்புறம் ஆணையம் எதுக்கு, நான் எதுக்கு, இந்தத் தொப்பி எதுக்கு?"

நிபால்டோவுக்கும் அது தெரியவில்லை. பேசிக்கொண்டே டோன் எவரிஸ்தோ கைக்கு எட்டிய ஐந்தாறு செர்ரிகளைத் தின்று முடித்திருந்தார். கொட்டைகளைக் கைக்குட்டையில் துப்பி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது பதிவுல வராது" என்றார்.

வழி இல்லாமல் இல்லை. பாக்கிக் குளிரைத் தீர்க்க ஆணையம் 'துணைக் குளிர்த் திட்டம்' ஒன்று வைத்திருந்தது. தோட்டத்தில் மூன்று நாள் குளிர்காலம் நடத்த வேண்டும். முடிவில் ஆணையத் தலைவர் டோன் காஸ்டோன் நேரில் வந்து குளிர்காலத்தை முடித்து வைப்பார். மரங்கள் எழுந்ததும் முத்திரை.

மறுநாள் காலை கடற்கரையிலிருந்து ஒரு மீன் லாரி நிறையப் பனிக்கட்டி வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் பாளம் பாளமாக அடுக்கினார்கள். பனிக்கட்டியோடு இரண்டு மீன்களும் வந்திருந்தன. அவற்றை டோன் எவரிஸ்தோ 'எதிர்பாராத கழிவு' என்று சொல்லிவிட்டு வண்டியில் எடுத்து வைத்தார். பிறகு கொடியேற்றினார். நீலக் கொடி என்றால் மரம் தூங்குகிறது: அதற்கு மேலோ பக்கத்திலோ எந்த வாகனமும் நிற்கக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் எழுந்துவிட்டது. தோட்டத்துக்குள் எல்லோரும் கம்பளிப் போர்வை அணிந்துகொள்ள வேண்டும், கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டும், தர்பூசணி கண்ணில் படக் கூடாது.

"மரத்துக்குக் கண்ணா இருக்கு?" என்றாள் ஒடிலியா.

"கண்ணு இல்லம்மா. ஆனா மனசு இருக்கு. ஆணையத்துக்கு மனசு இல்லாட்டாலும் மரத்துக்கு உண்டுன்னு தலைவரே சொல்லியிருக்காரு."

பழம் பறிக்க வந்த டோன்யா மிரேயாவின் ஆட்கள் பத்துப் பெண்கள் வாளிகளோடு கேட்டில் நின்றார்கள். பறிக்க எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் தலைக்கு மேலே தொங்கியதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கொடுத்த போர்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டு வேர்வை வழிய நிழலில் உட்கார்ந்தார்கள்.

"டோன் எவரிஸ்தோ" என்று மிரேயா கிசுகிசுத்தாள். "எம் புருஷன் இருபது வருஷமா இப்படித்தான் தூங்குறான். அவனுக்கும் ரெண்டு பாளம் வச்சுப் பாக்கலாமா?"

"ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"இல்லியே."

"அப்ப அவரு தூங்கல."

பத்துப் பெண்களும் சிரிப்பை அடக்கப் போர்வையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அடக்கிய சிரிப்பில் ஒருத்திக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கல் மரத்தை எழுப்புமா என்பதற்கு விதி இல்லாததால், அவளை லாரி ஓட்டுநரோடு ஊருக்குள் அனுப்பி வைத்தார்கள்.

குருவிகளுக்குக் கொண்டாட்டம். தகர டப்பாவைத் தட்டி விரட்ட நிபால்டோ கையை ஓங்கியபோது டோன் எவரிஸ்தோ தாவிப் பிடித்துக்கொண்டார்.

"பழத்தத் தின்னுதுங்க."

"இல்லாத பழத்த எப்படித் திங்கும்? குளிர்காலப் பறவைங்க. சூழலுக்கு நல்லதுதான்."

இரண்டாம் நாள் டோன் எவரிஸ்தோவுக்கு ஒரு குறை தோன்றியது. பனிக்கட்டி இருக்கிறது, போர்வை இருக்கிறது. ஆனாலும் ஏதோ இன்னும் கோடை மாதிரியே இருக்கிறது. மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார்.

"குளிர்காலத்துல நீங்க என்னம்மா சாப்பிடுவீங்க?"

"மழை பெஞ்சா சோப்பைப்பியா பொரிப்போம்" என்றாள் ஒடிலியா. பூசணிக்காயை மாவோடு பிசைந்து, வட்டமாகத் தட்டி, எண்ணெயில் போட்டு எடுப்பது. "மழை பெஞ்சா மட்டும்தான்."

"பொரிங்க."

மிரேயாவின் பெண்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். மழை வந்தால் சோப்பைப்பியா வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சோப்பைப்பியா வந்தால் என்ன வரும் என்று யாரும் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை, அதிலும் மரத்தில் செர்ரி தொங்கும்போது.

"டோன் எவரிஸ்தோ, வேணாங்க" என்றான் நிபால்டோ. "இது மட்டும் வேணாம். நான் வேணா ரெண்டு போர்வை போட்டுக்கிறேன்."

"முத்திரை வேணுமா, வேணாமா?"

ஒடிலியா நிபால்டோவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு பூசணிக்காயை வெட்டினாள்.

எண்ணெய் மணம் வேலி தாண்டிப் போன சில நிமிஷத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தொலைபேசி வந்தது. "ஒடிலியா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? எங்க பழம் இன்னும் மரத்துல தொங்குது."

"ஆணையம் சொல்லிப் பொரிக்கிறேன்."

"அப்ப ரெண்டு குடுத்தனுப்பு" என்றது தொலைபேசி, கொஞ்சம் யோசித்துவிட்டு.

டோன் எவரிஸ்தோ ஏழு சாப்பிட்டார். சாயங்காலம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறியது. விடிவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

காலையில் டோன் எவரிஸ்தோ கைகளை விரித்துக்கொண்டு ஈரத்தில் நின்றார். "பாத்தீங்களா? பாக்கி மொத்தமும் ஒரே நாள்ல தீந்திடுச்சு. இருபது வருஷ வேலைல இப்படி ஒரு குளிர்காலம் பாத்ததில்ல."

நிபால்டோ ஒவ்வொரு மரமாக ஓடிக்கொண்டிருந்தான். செர்ரியில் காம்பு சேரும் இடத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. மழைத்தண்ணீர் அதில் தேங்கும். வெயில் ஏறினால் பழம் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பெருத்து, தோல் கீறி வெடிக்கும். வெடித்தது கழிவு. அதற்குள் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டுக் காற்றாலேயே தண்ணீரை உதறித் தள்ளுவார்கள். பெரிய தோட்டக்காரர்கள் அதற்காகவே ஹெலிகாப்டரைக் காத்து நிற்க வைத்திருப்பார்கள். அவனுக்கு அந்த வசதி இல்லை. கூரிக்கோ வரைக்கும் தெரிந்த எண்களுக்கெல்லாம் பேசிப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு சும்மா இருந்துச்சாம்" என்று வந்து சொன்னான். குரல் இறங்கியிருந்தது. "அதையும் லாப ஆணையம் எடுத்துக்கிச்சாம். தலைவர் அதுல வர்றாராம். இங்கதான்."

ஒடிலியா வானத்தைப் பார்த்தாள். மேகம் விலகிக்கொண்டிருந்தது. மரங்களைப் பார்த்தாள். பிறகு டோன் எவரிஸ்தோவிடம் போனாள்.

"ஐயா, தலைவர் வர்ற நேரம், நீங்க தொப்பியப் போட்டுக்கிட்டு வரவேற்க நிக்க வேணாமா? கொடிய எங்கிட்ட குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"நல்ல யோசனை" என்றார் அவர்.

"ஹெலிகாப்டர் சத்தத்துல மரம் எந்திரிக்காதா?"

"அதிகாரபூர்வமான சத்தம் மரத்த எழுப்பாதும்மா."

வெயில் முதல் மரத்தின் உச்சியைத் தொட்டபோது ஹெலிகாப்டர் வந்தது. தோட்டத்துக் கோடியில் இருந்த காலி இடத்தில் இறங்கத் தாழ்ந்தது. ஒடிலியா அங்கே நின்று நீலக் கொடியைத் தூக்கிக் காட்டினாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் டோன் எவரிஸ்தோ.

"இந்த ஓரத்து மரம் இன்னும் தூங்குதுங்க. நீலக் கொடி இருந்தா நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

டோன் எவரிஸ்தோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். விதி சரியாக இருந்தது.

ஹெலிகாப்டர் முதல் வரிசைக்கு மேலே நகர்ந்தது. காற்று மரங்களைக் குலுக்கியது. தண்ணீர் சரம் சரமாகத் தெறித்தது. ஒடிலியா சேற்றில் ஓடி வரிசையின் மறுமுனைக்குப் போய் நின்று நீலக் கொடியைத் தூக்கினாள். ஹெலிகாப்டர் இரண்டாம் வரிசைக்குத் திரும்பியது. அங்கே நிபால்டோ தன் போர்வையையே கொடி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தான். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் பருவம் முழுக்கச் செர்ரி மேலே பறந்து பிழைப்பவன். இரண்டாம் வரிசை முடியும்போது அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இன்னும் தாழ வந்தான், வேகத்தைக் குறைத்தான், மூன்றாம் வரிசையில் நிபால்டோவைப் பார்த்துக் கையாட்டினான்.

மிரேயாவின் பெண்கள் எழுந்தார்கள். ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கொண்டு கையில் கிடைத்த நீலத்தையெல்லாம் தூக்கினார்கள்: வாளி, ஏப்ரன் துணி, மீன்காரர் விட்டுப் போன தார்ப்பாய். போர்வைகள் பறந்துபோய் வேலியில் ஒட்டிக்கொண்டன. டோன் எவரிஸ்தோவின் தொப்பி உருண்டு பனிக்கட்டித் தண்ணீரில் படகாக மிதந்தது. மேலே ஜன்னலிலிருந்து தலைவரின் உரை, ஒவ்வொரு தாளாக, வெள்ளைப் பறவைகளைப் போல வெளியே வந்தது. கடைசியில் தலைவரே பாதி வெளியே வந்து ஏதோ சொன்னார்.

"தலைவர் என்ன சொல்றாரு?" என்று கத்தினாள் மிரேயா. இரண்டு நாளில் அவள் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பேசல. வாந்தி எடுக்குறாரு" என்றான் நிபால்டோ.

"அதுவும் உரம்தான்."

கடைசி வரிசை உதறி முடிந்ததும் ஒடிலியா சிவப்புக் கொடியைத் தூக்கினாள். ஹெலிகாப்டர் இறங்கியது. டோன் காஸ்டோன் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தார். பூமி நின்றுவிட்டதா என்று காலால் தட்டிப் பார்த்தார். உரை போய்விட்டதால் மனப்பாடமாக இருந்ததைப் பேசினார்.

"நண்பர்களே, லாபம் மரத்துல காய்க்கிறது இல்ல. காய்ச்சிருந்தா விவசாயியே பறிச்சிருப்பான், நாம வேலைக்கே வந்திருக்க மாட்டோம். லாபம்ங்கிறது அறிவிக்கிறது. நாம அறிவிச்ச வருஷமெல்லாம் லாபம் வந்திருக்கு. அது விவசாயிக்கு வரலன்னா, அது அவருடைய தனிப்பட்ட விஷயம், அதுல ஆணையம் தலையிடாது. இந்த மரங்க இன்னைக்குத் தூக்கம் கலைஞ்சுது. இன்னைக்கு இது பூத்துதுன்னு ஆணையம் அறிவிக்குது."

டோன் எவரிஸ்தோ முதல் ஆளாகக் கைதட்டினார். கேட்டுத் தூணில் முத்திரை குத்தினார்.

நிபால்டோ கையை உயர்த்தினான். "தலைவரே, அப்ப இன்னைக்கே பறிக்கலாமா?"

"இன்னைக்குத்தானப்பா பூத்திருக்கு. பழமாக எண்பது நாள் ஆகும்."

"பிப்ரவரி ஆயிடுமே. கப்பல் போயிடும். சீனாக்காரங்க புத்தாண்டும் முடிஞ்சிடும்."

"புத்தாண்டு நம்ம ஆணையத்துக்குக் கீழ வராது."

கப்பல் இல்லையென்றால் ஆலை இல்லை. ஆலை இல்லையென்றால் டிசம்பரில் மண் தோண்டும் மெஷின். நிபால்டோ பக்கத்து மரத்தில் கையை ஊன்றிக்கொண்டான். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பழம்கூட வெடித்திருக்கவில்லை.

ஒடிலியா ஒரு கொத்தைப் பறித்து எடுத்துக்கொண்டு தலைவர் முன்னால் வந்தாள்.

"அப்ப இது என்னங்க?"

டோன் காஸ்டோன் டோன் எவரிஸ்தோவைப் பார்த்தார். டோன் எவரிஸ்தோ கொத்தைப் பார்த்தார். கருஞ்சிவப்பு, பச்சைக் காம்பு, ஒவ்வொன்றும் கோலிக்குண்டை விடப் பெரிது.

"பூ" என்றார்.

"பூவ விக்கறதுக்கு முத்திரை வேணுமா? கழிவு உண்டா?"

"பூவுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார் தலைவர். அவருக்குச் சீக்கிரம் படுக்க வேண்டும் போலிருந்தது. "அத என்ன பண்ணினாலும் எங்களுக்கு என்ன."

ஒடிலியா திரும்பினாள். "மிரேயா, பூப் பறிக்க உன் ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"நாங்க பொறந்ததே பூக்காரக் குடும்பத்துலதான்" என்று மிரேயா வாளியைத் தூக்கினாள்.

அன்று மதியமே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பலகை நின்றது. 'பூ. கிலோ இரண்டாயிரம் பெசோ.' முதல் கார்க்காரர் வேடிக்கை பார்க்கத்தான் நிறுத்தினார். ஒரு பூவை வாயில் போட்டுக்கொண்டு மூன்று கிலோ வாங்கிப் போனார். கப்பலுக்குப் போகும் பழம் உள்ளூரில் யார் கண்ணிலும் படுவதில்லை. கழிவை மட்டுமே தின்று பழகிய ஊர், பெரிய செர்ரி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தது. இரண்டாம் நாள் கார்கள் பாலம் வரை நின்றன. மூன்றாம் நாள் தால்காவிலிருந்து ஒரு வியாபாரி இரண்டு லாரியோடு வந்து, "பூ மொத்தமா கிடைக்குமா?" என்று, சிரிக்காமல், கேட்டார். காசைக் கையில் வைத்தார். ஏப்ரல் என்ற பேச்சே வரவில்லை.

டிசம்பரில் மண் தோண்டும் மெஷின் சொன்னபடி வந்து நின்றது. நிபால்டோ வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் காதைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்து பார்த்தான். ஒடிலியா சாலையோரத்து மேட்டை வெட்டிச் சமன் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற கிழவி?" என்றான், பழக்கத்தில் இன்னும் கிசுகிசுப்பாக.

"கார் நிறுத்த இடம் பத்தல. அடுத்த வருஷம் இன்னும் வருவாங்க. சத்தமாப் பேசு கிழவா, எல்லாரும் முழிச்சாச்சு."

கடைசி வாளி இருந்த நாளன்று ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. பின் கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே டோன் காஸ்டோன் இருந்தார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு கிலோ" என்றார் தணிந்த குரலில். "பூ, புதுசுதானேம்மா?"

"தூங்கி எந்திரிச்ச உடனே பறிச்சதுங்க" என்றாள் ஒடிலியா, தராசில் ஒரு பிடி கூடவே போட்டு.